நீ சாப்பிடு, நான் பாத்துட்டு வாரேன்

இன்று காலை ஹாஸ்டல் அலுவலகத்தில் புதுப் பெண்களின் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி 'மாடி அறை, தெற்கு ஜன்னல், சைவ மெஸ்' என்று எழுதி, தெற்குக்குக் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள். அவள் ஊர் எது என்று பார்க்கவே வேண்டியதில்லை. பட்டாசுக் கம்பெனி இருக்கிற ஏதோ ஓர் ஊர்தான். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதே ஹாஸ்டலில், முதலாண்டில் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். நீ காரியாபட்டிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண், எந்த அறை கொடுத்தாலும் பாயை விரித்துத் தூங்கிவிடுகிறவள். போதாத காலம், என் அறையில் வந்து மாட்டிக்கொண்டாய். "மாடியில வெயிலு மண்டையப் பொளக்கு. கீழ ரூம் காலியாக் கெடக்கு. எதுக்குடி இதையே புடிச்சுத் தொங்குற?" என்று முதல் வாரமே கேட்டாய். ஜன்னலில் நின்றால் அச்சங்குளத்துப் பக்கத்து வானம் தெரியும் என்பதை உன்னிடம் நான் சொல்லவில்லை. அங்கே ஒரு கம்பெனியில் அம்மா சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். நேராகப் பார்த்தால் பக்கம்தான். பஸ்ஸில் போனால் இரண்டு மாற வேண்டும்.

எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் கை வேலை அப்படியே நின்றுவிடும். எல்லோரும் தெருவுக்கு ஓடிப் புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்ப்போம். பக்கம் தெரிந்தால் கம்பெனி தெரியும். கம்பெனி தெரிந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது தெரியும். அந்தப் பழக்கத்தையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டுதான் நான் ஹாஸ்டலுக்கு வந்தேன். சைவ மெஸ்ஸில் சேர்ந்ததும் அதற்காகத்தான். அந்த வரிசை சீக்கிரம் நகரும், நாலு வாய் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடலாம். "கறிக்கொழம்பு வாசத்துக்கு மூக்கு அம்புட்டு தூரம் நீளுது, இதுல சைவமாம்!" என்று நீ கேலி செய்வாய்.

ஒரு மத்தியானம் பெரிய சத்தம். எச்சில் கையோடு மாடிக்கு ஓடினேன். நீயும் பின்னாலேயே ஓடி வந்தாய், ஆனால் உன் முகமெல்லாம் சிரிப்பு. "இடிடீ! மழை வருது!" என்று குதித்தாய். உங்கள் வீட்டுப் பருத்தி மழைக்குக் காய்ந்துகொண்டிருந்ததாம். நான் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன்.

தீபாவளி சீசன் நெருங்க நெருங்க என்னால் தட்டு முன்னால் உட்காரவே முடியவில்லை. உடம்பு பாதியானது. படிப்பும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம், அம்மாவோடு கம்பெனிக்கே போய்விடுகிறேன் என்று பெட்டியைக் கட்டினேன். "நீ போயிப் பக்கத்துல உக்காந்தா வெடிக்காதாக்கும்?" என்றாய். உன்னை அறைந்துவிடலாம் போல இருந்தது எனக்கு. பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு நீயே சொன்னாய்: "இனிமே சத்தம் கேட்டா நான் ஓடுதேன். நீ சாப்பிடு, நான் பாத்துட்டு வாரேன்."

கீழ் அறைக்கு மாறினோம். எனக்கு அசைவ மெஸ் எழுதிக் கொடுத்ததும் நீதான். அதன்பின் எத்தனை தடவை அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருப்பாய்! "குவாரி வெடி", "லாரி டயரு", "கல்யாண வீடு, மாப்பிள்ளை வந்துட்டாரு". சொல்லிவிட்டு உன் ஆறிய சோற்றைச் சாப்பிடுவாய்.

இரண்டாமாண்டில் ஒருநாள் நீ இறங்கி வரத் தாமதமானது. வந்து, "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்றாய். நான் கை கழுவியதும்தான் சொன்னாய், அச்சங்குளத்துப் பக்கம் புகை என்று. பாவி, பொய் சொல்லிவிட்டாயே என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நீ போனை என் காதில் வைத்தாய். அம்மா பேசினாள். "பக்கத்துக் கம்பெனித்தா. எல்லாரும் சோறு திங்க வெளிய வந்துட்டாக, யாருக்கும் ஒண்ணுமில்ல. நாந்தான் ஒன் கூட்டாளிட்ட, அவ சாப்புட்டதும் சொல்லு தாயின்னேன்."

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படியிருக்க எப்படிப் பிடித்தாய்? அம்மா என்னைப் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளிடம் கம்பெனி கேட் வாட்ச்மேனின் நம்பரை நீ வாங்கி வைத்திருந்தாய். பிறந்ததிலிருந்து புகையைப் பார்த்தே வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பருத்திக்காட்டிலிருந்து வந்த உனக்குத் தோன்றியது.

போன வருஷம் காய்ச்சலில் நீ போன செய்தியையும் அம்மா எனக்குச் சாப்பிட்ட பிறகுதான் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுது முடிக்கத்தான் ரொம்ப நாளாயிற்று.

இந்த ஹாஸ்டலுக்கு நான் வார்டனாக வந்து இது மூன்றாவது வருஷம். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கம்பெனி கேட் நம்பர். திருத்தங்கல், சாத்தூர் என்று என் போனில் சொந்தக்காரர்களைவிட வாட்ச்மேன் அண்ணன்மார்தான் அதிகம்.

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சத்தம். எட்டுப் பத்துப் பெண்கள் சட்டென்று எழுந்துவிட்டார்கள். "உக்காருங்க, நான் பாத்துட்டு வாரேன்" என்று மாடிக்கு ஓடினேன். எனக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, சிரிக்காதே. குவாரிப் பக்கம் வெள்ளைத் தூசி, அவ்வளவுதான். இறங்கி வந்து சொன்னதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. "நெசமாவா மேடம்?" என்றாள். அவள் அம்மா வேலை செய்கிற கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், எனக்கே கேட்கிற சத்தத்தில்: "இங்கன ஒண்ணுமில்லத்தா. நீ சாப்பிட்டியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, மறுசோறு கேட்டாள்.