தறிக்கு ஆகாத ரத்தம்

என் செல்லம் கோகிலா அக்கா,

நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நேற்று உன் மாமியார் என் கையில் மாட்டினாள்.

நான் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறேன், தெரியுமா? மகளை ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. "மூணு நாளா ரத்தம் நிக்காம போய்க்கினே இருக்குதும்மா, சீக்கிரம் பாரும்மா" என்று கும்பிட்டாள்.

மூன்றே நாள்! உன்னை இருபத்திரண்டு நாள் கொல்லைக் கொட்டகையில் ஒதுக்கி வைத்தவள் இவள்தானே? தறியில் கல்யாணப் புடவைக்குப் பாவு ஏற்றியிருக்கிறது, தீட்டுக்காரி உள்ளே நடமாடினால் பட்டு இழை அறும் என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நம் அம்மா இவள் காலில் விழுந்தபோது, "தீட்டு நிக்கட்டும், தலைக்கு ஊத்திட்டு இட்டுக்கினு போலாம்" என்றாள். நின்ற அன்று உனக்கு மூச்சும் இல்லை.

மகளின் விரலில் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணுக்கள் வெளுத்துப்போய் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. உடனே டாக்டருக்குச் சீட்டு அனுப்பினேன். அதில் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை, உன்மேல் சத்தியம். அப்புறம்தான் கிழவியைப் பிடரியைப் பிடிக்காத குறையாக மைக்ராஸ்கோப் முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"குனிஞ்சு பாருங்க."

"வட்டம் வட்டமா என்னமோ இருக்குதும்மா."

"அதுக்குப் பேரு செல்லு. மனுஷன், மாடு, உங்க பட்டுப்பூச்சி, அது தின்ற இலை, எல்லா உடம்பும் செல்லாலதான் கட்டியிருக்குது. இதுல தீட்டு எங்க இருக்குது? தேடிக் காட்டுங்க."

நிமிர்ந்தாள். என் மூக்கையே பார்த்தாள். உன் மூக்கு அல்லவா அது.

"நீ... கோகிலா தங்கச்சியா?"

ரத்தம் ஏற்றவேண்டும் என்றார் டாக்டர். கொடுக்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் துணிவில்லை. என்னுடையது பொருந்தியது, கொடுத்தேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே அக்கா. பாட்டிலில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தபோது கிழவியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அது எங்க அம்மா குடுத்த ரத்தம். உங்க தறிக்கு ஆகாத அதே ரத்தம். இப்ப உங்க பொண்ணு உடம்புல ஓடுது. எந்தக் கொட்டகையில ஒதுக்கி வைக்கப் போறீங்க?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் போதவில்லை. இது தப்பா அக்கா?

மாதம் ஒருமுறை மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிவர வேண்டும். ஒவ்வொரு முறையும் கிழவியை அதே நாற்காலியில் உட்காரவைப்பேன். குனிந்து பார்க்கவைப்பேன். உன் பேரை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எழுந்திருக்க விடுவேன்.

உனக்குப் பின் அதே வயிற்றில் கிடந்தவள்,
உன் தங்கை மங்கை