அப்பாவின் கிராமபோனுக்கு ஒரு ஸ்பிரிங்

ஐப்பசி, திங்கள்

மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. காலையில் கிராமபோன் போயிற்று. அப்பா சீதனமாய்க் கொடுத்தது. வீட்டுக்காரர் சாவி கொடுத்தார், தட்டு சுற்றவில்லை. இன்னும் முறுக்கினார். இன்னும். உள்ளே ‘டங்’ என்று ஒரு சத்தம். இப்போது கைப்பிடி லொடலொட. ஸ்பிரிங் உடைந்துவிட்டது.

பெட்டியைக் கழற்றினால், பல்சக்கரமெல்லாம் வெள்ளையாய் உறைந்த தேங்காய் எண்ணெய். இந்த மலைக் குளிரில் தலைக்கு வைக்கிற எண்ணெயையே அடுப்போரம் வைத்து உருக்குகிறோம். அதை மெஷினுக்கு ஊற்றியிருக்கிறார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. படித்தவர்.

“யார் சொன்னது உங்ககிட்ட?”

“யாரோ சொன்னாங்க.”

யாரோ! கிணற்றில் குதி என்று யாரோ சொன்னால்?

தீபாவளிக்கு அப்பா கீழே வெயில் கொளுத்தும் ஈப்போவிலிருந்து வருகிறார். கல்யாணத்துக்கு முன் சொன்னார், “பையன் குணம் தங்கம். கைதான் மண்ணு. ஓர் ஆணி அடிக்கத் தெரியாது.” சண்டை போட்டுக் கட்டிக்கொண்டேன். வந்ததும் முதலில் கிராமபோனைத்தான் கேட்பார். அவர் சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது. இவரை மட்டம் தட்ட நான் ஒருத்தி போதும்.

புதன்

பிரிஞ்சாங் கடைத்தெரு. ராவுத்தர் கடை. சவுக்காரம், கருவாடு, பால் டின். டின்னை விற்ற கையோடு ஆணியால் ஓட்டை போட்டார். அவசரகாலச் சட்டமாம், முழு டின் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஒழுக ஒழுக மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். துரைமார் மூளையே மூளை.

ஸ்பிரிங் கேட்டேன். சுவர்க் கடிகாரத்து ஸ்பிரிங்கை நீட்டினார்.

“இதும் சுத்தும், அதும் சுத்தும். ஒன்னுதான்லா.”

பாதி அகலம்கூட இல்லை. அடுத்தது ஒரு நூல் அதிகம். “வெட்டிக்கலாம்லா தங்கச்சி.” எஃகை! கத்தரிக்காய் என்று நினைப்பு. உடைந்த துண்டையே அளவுக்குக் கொடுத்தேன். மலைக்குக் கீழே தாப்பா டவுனில் பழைய சாமான் கடையில் தேடச் சொல்வாராம், காய்கறி லாரியில் வருமாம். நம்பிக்கை இல்லை.

சனி

வந்துவிட்டது. சுருட்டிக் கம்பியால் இறுக்கிக் கட்டிய ஸ்பிரிங், சரியான அளவு. வாங்கி வரப் போனவர் இவர். எஸ்டேட் முள்வேலி கேட்டில் காவலுக்கு முனியாண்டி. போன மாதம் வரை தேயிலைக் கொழுந்து எடை போட்டவன், இப்போது காக்கிச் சட்டை, துப்பாக்கி.

“என்னா கிராணி இது? குண்டு சாமானா?”

“பாட்டுப்பெட்டி ஸ்பிரிங்ப்பா. கம்பிய அவுக்காத.”

அவிழ்க்காதே என்றால் அவிழ்ப்பதுதான் காக்கிச் சட்டைக்கு அழகு. சீறி விரிந்ததாம். துப்பாக்கி ஒரு பக்கம், முனியாண்டி வாய்க்காலில். சேற்றில் விழக்கூடாதென்று இவர் ஸ்பிரிங்கை வெறுங்கையால் பிடித்திருக்கிறார். உள்ளங்கை கிழிந்து, ரத்தம் சொட்ட வாசலில் நிற்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டு.

“உடையல,” என்றார்.

வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே பழைய புடவையைக் கிழித்துக் கட்டுப் போட்டேன்.

ஞாயிறு

பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொடுத்த வாசலினைத் தடவி, நான் ஸ்பிரிங் டப்பாவைப் பிடிக்க, இவர் நல்ல கையால் ஸ்பிரிங்கைச் சுற்றிச் சுற்றி டப்பாவுக்குள் அடைத்தார். இரண்டு முறை தெறித்தது. மண்ணுக்கை. ஆனாலும் விடவில்லை மனுஷன். சாயங்காலம் பாடியது. ஊரடங்கு, யாரும் வெளியே வர முடியாது. ஜன்னல்கள் மட்டும் திறந்தன.

தீபாவளி

அப்பா நேற்றே வந்துவிட்டார். வழி நெடுகச் சோதனையாம், முறுக்கெல்லாம் தூள். வந்த களைப்பில் அப்படியே படுத்துவிட்டார். காலையில் எண்ணெய்க் குளியல், பனி. கிராமபோன் வைத்தேன். கணீரென்று பாடியது. “பாத்தீங்களா?” என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பா பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார்.

“மாப்பிள்ளைக்குப் போன தடவையே சொல்லிட்டுப் போனேன். மாசம் ரெண்டு சொட்டு தேங்காண்ணெய். ஈப்போவுல நான் அதான் விடுவேன். விட்டீங்களா?”

இவர் கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“விட்டேன் மாமா. நல்லா ஓடுது.”

அப்பா பெட்டிக்கு மேலே குப்பியைக் கவிழ்த்தார். தட்டினார். உலுக்கினார். ஒரு சொட்டும் விழவில்லை.