கோர்ட்டில் நான் வாய் திறக்காத கதை

பந்தல்குடி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் துபாய் வெயிலில் வாடாமல் இருக்க மாரியம்மன் துணை. நேற்று கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டதும் பதறிப்போய்ச் சாட்சி சொல்கிற கூண்டில் ஏறிக் கும்பிட்டு நின்றுவிட்டேன். டவாலிச் சேவகர் "பெருசு, நீரு சாட்சி இல்ல, எதிரி, அந்தப் பக்கம் குத்தவாளிக் கூண்டுக்குப் போம்" என்று விரட்ட, வக்கீல்கள் சிரிக்க, நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

பக்கத்து வயல் இன்பராஜ் கை முறிந்த வழக்குதான். வாய்க்கால் தகராறில் கத்தியது நான், பின்னாலிருந்து மண்வெட்டிக் காம்பால் அடித்தது உன் தாய்மாமன் சங்கரபாண்டியன், தடுக்கக் குறுக்கே விழுந்ததும் நான்தான். கத்தினவன் பெயரில் கேஸ் ஆனது. இப்போது மாமன் தன் மகன் அய்யப்பனுக்கு அந்த இன்பராஜ் மகளையே பேசி முடித்துவிட்டான். சம்பந்தி மனசு குளிர வேண்டுமே, போன வாய்தாவில் சாட்சியாக வந்து "எங்க மச்சான்தான் அடிச்சாரு, நான் தடுத்தேன்" என்றான். என் முகத்தைப் பார்த்தே சொன்னான் தாயி.

நேற்று நீதிபதியம்மா அந்தச் சாட்சியத்தைப் படித்து, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், பேசாததால் மட்டும் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள், அது உங்கள் உரிமை என்று வக்கீல் முன்பே விளக்கியிருந்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் குடும்பக் கதை முழுக்கக் கொட்டுகிற எனக்கா இந்த உரிமை என்று சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். வீட்டு வாசலில் உன் அம்மா மறித்து, "எந்தம்பி பேரை மட்டும் இழுத்துராதீக, கல்யாணம் நின்னுரும்" என்றாள். நீதிபதியம்மா கேட்டபோது வாய் திறக்காமல் தலைகுனிந்து நின்றேன். சட்டம் எனக்குக் கொடுத்ததை அவள் தம்பிக்கு வாங்கிக்கொண்டாள். கோர்ட்டுக்கு வெளியே நம்மூர்க்காரர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, "இம்புட்டு வாயாடுற மனுசன் பேசலைன்னா செஞ்சிருக்காருன்னுதானய்யா அர்த்தம்" என்றார். டீயை மட்டும் குடித்தேன்.

இருபத்தெட்டாம் தேதி தீர்ப்பு. ஜெயில் என்றாலும் மேல்கோர்ட் இருக்கிறது, அவசரப்பட்டு டிக்கெட் போட்டுவிடாதே. அய்யப்பனுக்குப் போன் போட்டு வாழ்த்திவிடு, பையன் மேல் குற்றமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, நல்லா இரு. ஊர் திரும்பும்போது பஸ்ஸில் உன் அம்மா "நீங்க நல்லவுக" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளிடம் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: உந்தம்பி சாட்சி சொல்லக் கிளம்பின அன்னைக்கு, எம்புருசன் பேரைச் சொல்லிராதடான்னு அவங்கிட்டயும் கேட்டியா?

உன் அப்பா,
கருத்தப்பாண்டி