பெரியமுல்லைப் புறாக்கூடு

ஏறாவூர்
20.01.2025

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் பிள்ளைகளும் சுகம், கத்தாரில் மச்சானும் சுகம் என்று வைத்துக்கொண்டு என் கதைக்கு வருகிறேன். போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால், தாத்தாவா என்று அக்காவின் குரல் கேட்க உங்கள் தம்பி பக்கத்தில் வந்து நிற்கிறார். வட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனில்தான் அவர் புறா வீடியோ பார்க்கிறார். புறாவின் காலில் கட்டி அனுப்பலாம் என்றால் அதுவும் அவருடைய புறா.

நீர்கொழும்பிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. பூனை சுல்தான் வந்த அன்றே குசினியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியவன் போல அடுப்பு மேடையில் ஏறிப் படுத்துவிட்டான். உங்கள் தம்பிக்கு இன்னும் எந்தச் சுவிட்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்று தெரியாது. கொண்டுவந்த புறாக்களோடு விடிந்தால் மொட்டைமாடி, பொழுதுபட்டால் மொட்டைமாடி. வாப்பா சந்தியில் கட்டிக்கொடுத்த மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை பூட்டியே கிடக்கிறது. கேட்டால், "புறாக்கள் பழகட்டும் புள்ள, பொறகு தொறக்கன்" என்கிறார். மனிசன் எப்போது பழகுவார் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார் என்று நிக்காஹ் பேசும்போதே சொல்லித்தானே செய்தோம்? அதற்குப் பிறகும் நான்கு வருடம் உங்களோடு இருந்துவிட்டுத்தானே வந்தோம்?

இதற்குள் மூன்று புறாக்கள் தப்பிவிட்டன. பந்தயப் புறா எங்கே கொண்டுபோனாலும் பிறந்த கூட்டுக்குத்தான் திரும்பும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூடு செய்து கதவுக்குக் கொளுக்கி போட்ட தச்சு ஓடாவியோடு சண்டை பிடித்தேன். சுல்தானுக்கும் இரண்டு அடி விழுந்தது. மதினி, உங்கள் கூரையில் இருக்கும் அந்தப் பழைய கூட்டைப் பிரித்துவிடுங்கள். இறங்க இடமில்லை என்றால்தான் இதெல்லாம் ஒரு முடிவுக்கு வரும்.

அன்புடன்,
முப்லிஹா


பெரியமுல்லை, நீர்கொழும்பு
03.02.2025

என் அன்புத் தங்கச்சி முப்லிஹாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் எழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம், படித்ததும் சிரிப்பு. சுல்தானுக்கு அடிக்காதே, பாவம். நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் மச்சான் கத்தாரிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை போன் எடுத்து, பம்பு வேலை செய்கிறதா என்று கேட்பதோடு சரி. பிள்ளைகள் இன்னும் மாமாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது போல் வாசல் கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

மூன்று புறாக்களும் பத்திரமாக வந்தன. அந்தச் சாம்பல் பேடு வந்த அன்று தம்பி சுபஹ் தொழுகையோடு போன் எடுத்து, பத்து மணிக்குள் வந்துவிடும் தாத்தா, தண்ணீர் வை என்றான். சொன்னது போலவே வந்து, எதுவும் நடக்காதது மாதிரி தன் பலகையில் ஏறி இருந்துகொண்டது. நான் தானியத்தைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்து அழுதுவிட்டேன். காத்தான்குடிக்குப் புடவை ஏற்றும் லொறியில் மூன்றையும் கூடையில் வைத்து அனுப்புகிறேன். கூடவே உனக்குப் பிடித்த மாசிக் கருவாடும் இருக்கிறது.

கூட்டை மட்டும் பிரிக்கச் சொல்லாதே. எங்கள் வாப்பா மவுத்தாவதற்கு முந்திய வருடம் தம்பியும் அவரும் சேர்ந்து அடித்தது. அது ஒரு மூலையில் நின்றால் உனக்கு என்ன கேடு?

அஸ்மியா தாத்தா


ஏறாவூர்
12.02.2025

அன்புள்ள மதினிக்கு,

மாசி கிடைத்தது, நன்றி. புறாக்களும் கிடைத்தன. அவற்றில் இரண்டு திரும்பவும் உங்களிடம் வந்திருக்கும்.

நீங்கள் எழுதிய ஒரு வரியை நான் பத்துத் தடவை படித்தேன். பத்து மணிக்குள் வந்துவிடும் என்று அவர் விடியவே உங்களுக்குச் சொன்னார். அப்படியென்றால் கொளுக்கியில் பிழை இல்லை. ஓடாவியில் பிழை இல்லை. சுல்தானிலும் பிழை இல்லை. உங்கள் தம்பி தன் கையால் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் ஊரெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டு திரிய, பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, "அடைச்சி வெச்சிப் பாக்க ஏலாம இரிக்கி முப்லிஹா" என்றார். அடைத்து வைத்தது யார்? நானா? கதவைத் திறந்துவிட்டவர் கடைக் கதவைத் திறந்திருக்கலாமே. பக்கத்து வீட்டு றிஸானா காயப்போட்ட உடுப்பில் எச்சம் என்று தினமும் மதிலுக்கு மேலால் கதைக்கிறாள். வாப்பா தொழப் பள்ளிக்குப் போய் வரும்போதெல்லாம் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். எல்லாருக்கும் பதில் சொல்வது நான்.

நீங்களும் சேர்ந்துதான் இதைச் செய்கிறீர்கள் மதினி. தானியத்தைப் போட்டுக் கூப்பிடுவது புறாவை மட்டும் அல்ல. அந்தக் கூடு அங்கே நிற்கும் வரை அவர் இங்கே வாடகைக்கு இருப்பவர் மாதிரித்தான் இருப்பார். எனக்குப் புருஷன் வேண்டும். கூட்டை உடைத்துவிடுங்கள்.

முப்லிஹா


பெரியமுல்லை
24.02.2025

முப்லிஹாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நோன்பு வருகிற நேரத்தில் மனக்கசப்பு வேண்டாம் என்று ஒரு வாரம் பொறுத்துத்தான் எழுதுகிறேன்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. வருகிற உயிருக்குத் தண்ணீர் வைக்கிறேன், அவ்வளவுதான். கடைக்குப் பலகை எழுதியாகிவிட்டதாம். "முப்லிஹா மோட்டோர்ஸ்" என்று உங்கள் வாப்பா எழுதுவித்ததாகத் தம்பி சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தெருவில் அவனை முப்லிஹாவின் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்களாம். றுமைஸ் என்று ஒரு பெயர் அவனுக்கு இருப்பது அங்கே யாருக்காவது தெரியுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். நான்கு வருடம் இந்த வீட்டில் இருந்தீர்கள். நான்கு வருடமும் உங்கள் பெட்டி அலுமாரிக்கு மேலேதான் இருந்தது. ஒவ்வொரு உடுப்பாக அதிலிருந்து எடுத்து, துவைத்து, திரும்ப அதற்குள்ளேயே வைத்தீர்கள். அலுமாரியில் இரண்டு தட்டு உங்களுக்கென்று வெறுமனே கிடந்தது. அது என் கண்ணில் படவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு நாளாவது நான் கேட்டேனா?

கூடு நிற்கும்.

அஸ்மியா


ஏறாவூர்
20.04.2025

அன்புள்ள மதினிக்கு,

பெருநாளைக்குக்கூட உங்களுக்குப் போன் எடுக்கவில்லை. என் பிடிவாதம்தான். இப்போதும் எழுத மனம் வராமல்தான் எழுதுகிறேன்.

அவர் போய் ஒன்பது நாட்கள். பெருநாள் முடிந்ததும் இருந்த பெரிய புறாக்கள் எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு, "தாத்தாட்ட குடுத்திட்டு வாறன்" என்று பஸ் ஏறினார். முதல் இரண்டு நாளும் போன் எடுத்தார். பிறகு எடுத்தால் ஓம், இல்லை என்ற இரண்டு பேச்சுத்தான். எப்போது வருவீர்கள் என்று கேட்டால் இணைப்பு சரியில்லை என்கிறார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. வாப்பாவிடம் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு பொய்க்கு எத்தனை நாள் உயிர் இருக்கும்?

நோன்பில் இங்கே பொரித்த இரண்டு குஞ்சுகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார். பயற்றை ஊறப்போட்டு வைக்கிறேன், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முந்தாநாள் காலையில் அவரோடு போனில் கதைத்துவிட்டு வந்த ஆத்திரத்தில், போகிறதென்றால் நீங்களும் போய்த் தொலையுங்கள் என்று மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்துவிட்டேன். இரண்டும் எழும்பி வாவிப் பக்கம் போய்விட்டன. போன பிறகுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. வெயிலில் அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் திரும்பி வந்து என் காலடியில் இறங்கிப் பயற்றைத் தேடின. அதுகளுக்கு வேறு வீடு தெரியாதே மதினி. நேற்றும் திறந்துவிட்டேன், நேற்றும் வந்தன.

பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, பிறகு ஒட்டிப் படித்தேன். கடைப் பலகையில் என் பெயரை அழித்து "றுமைஸ் மோட்டோர்ஸ்" என்று எழுதச் செய்திருக்கிறேன். வாப்பா அன்று பள்ளிக்கு வேறு தெருவால் போனார். இதை அவரிடம் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

கூட்டை உடைக்கச் சொல்ல மாட்டேன். அவர் வருவாரா இல்லையா என்பதை மட்டும் எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள்.

உங்கள் முப்லிஹா


பெரியமுல்லை
02.05.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நானே வைத்துக்கொள்வோம் என்றுதான் இருந்தேன். பொய் சொல்லவில்லை. அவன் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பழையபடி சத்தம் இருந்தது. பிள்ளைகள் நேரத்தோடு சாப்பிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு கெட்ட எண்ணம் எனக்கு.

பிறகு அவனைப் பார்த்தேன். காலையில் கூட்டுக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பான், மத்தியானமும் அங்கேயே இருப்பான். புறாக்கள் வந்து சேர்ந்துவிட்டன, இவன் சேரவில்லை. உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். குஞ்சுகள் திரும்பி வந்த இடத்தை இரண்டு தடவை படித்தான். "அவள் கதவத் தொறந்திட்டாளா?" என்று மட்டும் கேட்டான். அங்கே உனக்கு என்னடா குறை என்றேன். "கொற ஒண்டுமில்ல தாத்தா. இங்க ஒரு எடம் இருக்கெண்டு நெனச்சா அங்க கால் ஊண்டுதில்ல" என்றான்.

அடுத்த நாள் அவன் ஜும்ஆவுக்குப் போன நேரம் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறினேன். வாப்பா அடித்த ஆணி, முப்லிஹா, லேசில் வரவில்லை. என் கை இரண்டும் இன்னும் நோகிறது. திரும்பி வந்து பார்த்தவன், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சப் பலகைகளை அவனே கழற்றினான். புறாக்கள் மதிலில் வரிசையாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தன. அதுகள் கிழடுகள், என்னோடு இருக்கட்டும், குசினித் தாழ்வாரத்தில் இடம் செய்து கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறான். நல்ல பலகைகளைப் புடவை லொறியில் போட்டிருக்கிறேன், குஞ்சுகளுக்குக் கூடு அடிக்கச் சொல். அதோடு ஒரு பெரிய பெட்டியும் வரும். உனக்குத் தெரியாது, நீங்கள் வீடு மாறிப் போனபோது அவன் உடுப்பில் பாதியை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போனான். நானும் தெரியாத மாதிரி மாதாமாதம் எடுத்து வெயிலில் போட்டு வைத்தேன். அலுமாரியில் இடம் ஒதுக்கு. அங்கேயும் அலுமாரிக்கு மேலேதான் வைத்திருப்பாய், உன் பெட்டியையும் கீழே இறக்கு.

எல்லாவற்றையும் மடித்து வைக்கும்போது, ஒரு சேர்ட் மட்டும் இங்கே இருக்கட்டும் தாத்தா, வரும்போது உடுக்கலாம் என்றான். நான் அதையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

துஆவுடன்,
உன் அஸ்மியா தாத்தா