பவளத்துக்குக் கால்சியம்

ஏங்க,

எனக்குக் கால்சியம் குறைச்சல்னு டாக்டர் சொன்னதை நீங்க காதுல வாங்கினதே பெரிய விஷயம். வாங்கின கையோட, மீன்தொட்டியில இருக்கிற பவளத்துக்குக் கால்சியம் குடுக்கிற மெஷினை வாங்கி மாட்டினீங்களே, என்ன பாசம்!

எலும்பு ஸ்கேனுக்கு நான் தனியாவே போயிக்கிறேன். நீங்க உட்கார்ந்து அந்த மெஷின்ல நிமிஷத்துக்கு எத்தனை காஸ் குமிழி வருதுன்னு எண்ணுங்க. சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாவி செருப்பு அலமாரி மேல.

நீங்க டியூப் வாங்கக் கடைக்குப் போனதும் காஸ் குமிழி தாறுமாறா வந்து, உங்க பவளச் செல்லங்க எல்லாம் சுருங்கிப் போச்சு. மெஷினோட காஸ் சிலிண்டர் வால்வைத் திருகிக் குறைச்சு வச்சிருக்கேன். இப்பத்தான் மெல்ல விரியுது. தொட்டுத் தொலைக்காதீங்க.

பி.கு.: ஸ்கேன் பதினொரு மணிக்கு. பயமா இருக்கு. தொட்டியைத் தூக்கிக்கிட்டு வராம, நீங்க மட்டும் வந்துடுங்க.