சலவை அறையில் இருக்கும் கடைசிக் கரண்டி

அன்புள்ள ஆங்கஸ் அண்ணனுக்கு, இதை யாரிடமும் காட்டாதே, உன்னோடு வேலை செய்கிற தாடிக்காரர்களிடம் நிச்சயம் காட்டாதே, வெளியே தெரிந்தால் என்னை அப்பாவிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள். இங்கே நானும் நாயும் சுகம், அப்பாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, மெல்பர்னில் நீ சுகமாகத்தான் இருப்பாய். செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், காலையில் பள்ளியிலிருந்து படம்பிடித்து அனுப்புவேன், முழுவதும் படி.

நீங்கள் செய்து விற்கிற வீடியோ விளையாட்டைப் பார்த்தேன். அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நம் மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டுமே, அந்த மாதிரி ஒரு கொழுத்த வாம்பட் நம் வீட்டுக்குள் குதித்துக் குதித்துக் கரண்டி பொறுக்குகிறது. அம்மா போன ஊரிலெல்லாம் ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிய கரண்டிகள், உனக்கு அவை சுழன்று மின்னும் பரிசு, எடுத்தால் ஒரு டிங். அந்தக் காலத்து விளையாட்டுகளுக்கு உயிர் கொடுத்துவிட்டாயாம், எங்கள் குழந்தைப் பருவத்தைத் திருப்பித் தந்தாய் என்று நரைத்தவர்கள் இணையத்தில் உருகுகிறார்கள். அம்மாவை அடக்கம் செய்த மறுநாளே இந்தத் தீவை விட்டுக் கப்பல் ஏறியவனுக்குக் கோழிக்கூண்டின் கம்பி வரை நினைவிருக்கிறது. உன் தொழுவத்தில் மாடுகள் பாடுகின்றன. நம் தொழுவத்தில் மாடே இல்லை, விற்றாகிவிட்டது என்று எழுதினேனே, அதற்கும் கட்டைவிரல்தான்.

மாடுகளை ஏற்றிக்கொண்டு லாரி போன அன்று அப்பா படியில் உட்கார்ந்து, "இனி காலைல எந்திரிச்சு என்னடி பண்ணப்போறேன், நான் இருந்து யாருக்கு என்ன" என்றார். பிறகு துப்பாக்கிப் பெட்டியைத் திறந்துவைத்துச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தூங்கியதும் பெட்டியைப் பூட்டி, இருக்கிற ஒரே சாவியைச் சலவை அறையில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நாம் பொருள் ஒளித்து விளையாடிய தரைப் பலகை ஓட்டையில் போட்டேன். அது உள்ளே சரிந்துவிட்டது, டார்ச் அடித்தால் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை, பலகையைப் பெயர்த்தால்தான் வரும். அப்பா வீடு முழுக்கத் தேடினார், என்னைக் கேட்டார், தெரியாது என்றேன்.

போன மாதம் பக்கத்துப் பண்ணை ஹாமிஷ் மாமா உன் விளையாட்டைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிக் கொடுத்தார். "தடிமாடு மாதிரி வளந்துட்டு கரண்டி பொறுக்கறான் பாரு உங்கண்ணன்" என்று அப்பா காறித் துப்பாத குறை. இப்போது சாப்பாடுகூட டிவி முன்னால்தான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விளையாட்டில் கோழிக்கூண்டுக்கு அடியில் கரண்டி கிடைத்ததும், போய் நிஜக் கூண்டுக்கு அடியில் கைவிட்டு உன் பழைய கோலிக்குண்டு டப்பாவோடு வந்தார். "படவா, ஒண்ணுகூட மறக்கலடி அவன்" என்று சிரித்தார், அம்மா போனபிறகு சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதிலிருந்து அங்கே எடுத்த இடத்தையெல்லாம் இங்கேயும் குடைகிறார். மிச்சம் ஒரே ஒரு கரண்டி. அவர் வெளியே போனபோது நானே ஆடித் தேடிப் பார்த்துவிட்டேன். அதை எடுக்க வாம்பட் சலவை அறைப் பலகையின் மேல் குதித்துப் பலகையை உடைக்க வேண்டும்.

அப்பாவும் உடைப்பார் அண்ணா. கரண்டி தீர்ந்த மறுநாள் காலையில் எழுந்து அவர் என்ன செய்வார்? விளையாட்டுக்கு வாராவாரம் ஏதோ திருத்தம் அனுப்புகிறீர்களே, நாளைக்கே ஒன்று அனுப்பி அந்தக் கடைசிக் கரண்டியை அருவிக்குப் பின்னால் வை, விளையாட்டு செய்கிறவர்கள் எல்லாவற்றையும் அங்கேதானே ஒளிக்கிறீர்கள். இன்னும் நிறையக் கரண்டி சேர், எப்போதும் தீராதபடி. பிறகு கப்பல் ஏறி வா, நீயே பலகையைப் பெயர்த்துச் சாவியை எடுத்துக்கொண்டு போ. கடைச் சாப்பாட்டையே தின்னாதே, கழுத்தை மூடிக்கொண்டு தூங்கு. நன்றாக இரு என்று அம்மா சொல்வதை நீ வந்தபிறகு நான் சொல்கிறேன். திருத்தத்தை மறக்காதே.

உன் தங்கை,
பிரயோனி

டிவியில் இதுவரை கேட்காத ஒரு பாட்டு வருகிறது. எல்லாம் எடுத்து முடித்தால் வரும் பாட்டா அது? பாட்டை நிறுத்தாமலே அப்பா எழுந்து சலவை அறைக்குப் போகிறார். மெஷின் நகர்கிறது. பலகை உடைகிற சத்தம். நடைக்கு வந்துவிட்டார், இடதுபக்கம் துப்பாக்கிப் பெட்டி, வலதுபக்கம் என் அறை, நின்றுவிட்டார், அண்ணா, என் கதவைத்தான் தட்டுகிறார்