ருசி பார்க்கும் வேலை

சுமையா, உனக்கும் மகளுக்கும் என் சலாம்.

போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ ஷார்ஜாவில் பேரனைக் கவனி.

வயிற்றைச் சுருக்கிய ஆபரேஷனுக்குப் பிறகு, நேற்றுதான் அய்யம்பேட்டையில் முதல் கல்யாணச் சமையல். சூப்பும் கஞ்சித் தண்ணீரும்தான் குடிக்கலாம் என்பது ஞாபகம் இருந்தது. ஆனால் அண்டா மூடியைத் திறந்து தம் உடைத்ததும் கல்யாணப் பெண்ணின் அத்தா, "மாஸ்டர், நீங்க வாயில வைக்காம பந்தி போட மாட்டோம்" என்று நின்றார். பிரியாணி ஒரு வாய், தம்ரூட் இனிப்பு ஒரு வாய். சமைத்தவனே மறுத்தால் சாப்பாட்டை யார் தொடுவார்கள்? கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. மண்டபத்துக் கக்கூசில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையிலிருந்து காய்ச்சல். மழையில் நனைந்ததுதான். இடது தோளிலும் வலி. இரண்டும் சேர்ந்து வந்தால் உள்தையல் விட்டிருக்கலாம், உடனே ஓடிவாருங்கள் என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. இது கரண்டி பிடித்த வலி. நாளை நன்னிலம் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போகிறேன்.

இதை மகளிடம் காட்டாதே. படித்தவுடன் கேட்பாள்: "அத்தா, நீங்க கரண்டி பிடிக்கிறது வலது கையிலதானே?"

உன் வீட்டுக்காரன்